சோபா, கார்ப்பெட் கழுவும் தொழிலுக்கு எந்த ஹேண்ட் டூல் வாங்கலாம்?

கோவையில் நான்கு மாதமாக சோபா, கார்ப்பெட் கழுவும் தொழில் செய்கிறீர்கள். கையில், தண்ணீரை அடித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சும், 10 லிட்டர் தொட்டி உள்ள சிறிய ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் இருக்கிறது. அதோடு வந்த, ஹோஸ் முனையில் மாட்டிக் கையால் இழுக்கும் பிளாஸ்டிக் ஹேண்ட் டூலே போதுமா, அமெரிக்க ஸ்டீல் டூல் ஒன்றை வரவழைக்கலாமா, சோபாவுக்கும் கார்ப்பெட்டுக்கும் ஒரே டூல் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: போன வாரம் கழுவிக் கொடுத்த சோபா மூன்று நாளாகியும் காயவில்லை, வாடை வருகிறது என்று அந்த வீட்டு அம்மா போன் செய்தார் என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சோபாவுக்குள் தண்ணீர் விட எந்த டூலாலும் முடியும். விட்ட தண்ணீரை அழுக்கோடு திரும்ப உறிஞ்சி எடுக்கிற டூல் எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் துபாயிலும் ஷார்ஜாவிலும் ஒரு கிளீனிங் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கேதான் ஐஐசிஆர்சி பாடத்திட்டப்படி அப்ஹோல்ஸ்டரி, அதாவது சோபாத் துணி கழுவும் பயிற்சி எடுத்தேன். 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பு, கார்ப்பெட் கழுவுவதற்கு எஸ்100, சோபா வகைகளுக்கு எஸ்300 என்று தனித்தனித் தரவிதிகள் வைத்திருக்கிறது. அதன் பிறகு ஒன்பது வருடமாகச் சென்னையில் சொந்தமாகச் செய்கிறேன். பயிற்சியில் படித்தது எது, கையால் செய்து பழகியது எது என்று கடைசியில் பிரித்துச் சொல்கிறேன்.

டூல் வாங்கும் முன் மெஷினைச் சோதியுங்கள். வேக்கும் மட்டும் ஓடட்டும். ஹோஸின் முனையை உள்ளங்கையால் முழுதாக அடையுங்கள். கை இழுபட வேண்டும், மோட்டார் சத்தம் சட்டென்று கூர்மையாக உயர வேண்டும். காற்று வரத்து நின்றதும் மோட்டாரின் சுமை குறைந்து வேகம் கூடுவதால் அந்தச் சத்தம் மாறுகிறது. சத்தம் மாறவே இல்லை என்றால் வேறு எங்கோ காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். அழுக்குத் தொட்டி மூடியின் ரப்பர் வளையம், ஹோஸ் தொட்டியில் சேரும் இடம், ஹோஸின் மடிப்பில் விழுந்த வெடிப்பு, இந்த மூன்றையும் பாருங்கள். மூடி ரப்பரில் ஒரு தலைமுடி படிந்திருந்தால்கூட இழுவை குறைந்துவிடும். புது டூல் வேண்டும் என்று என்னிடம் வந்த பையன்களில் பலருக்கு அந்த ரப்பரைத் துடைத்து வைத்ததிலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது. உங்கள் மூன்று நாள் ஈரத்துக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மெஷின் சரியாக இருக்கிறது என்றால் அடுத்து தண்ணீர் பீய்ச்சும் முனையான நாஸிலுக்கு வருவோம். ஸ்டீல் டூல் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்தத் தொழிலில் ஓடும் பித்தளை, ஸ்டீல் நாஸில்களின் மேல் 8002, 11001 என்பது போன்ற எண் இருக்கும். முன்னால் உள்ள 80, 110 என்பது தண்ணீர் விசிறியாக விரியும் கோணம். பின்னால் உள்ள இரண்டு இலக்கம் அளவு: 01 என்றால் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.1 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 380 மில்லி. 02 என்றால் அதில் இரண்டு மடங்கு. அழுத்தம் நான்கு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான் கணக்கு. இப்போது உங்கள் மெஷினைப் பாருங்கள். இந்த அளவில் இங்கே பரவலாக ஓடும் கார்ச்சர் புஸ்ஸி 10/1 மெஷினில் ஸ்ப்ரே அழுத்தம் 1 பார், அதாவது சுமார் 14.5 பிஎஸ்ஐ. அதற்கேற்ற நாஸிலோடு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்க டூல்கள் பெரும்பாலும் 100 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும் பம்புகளை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. அதில் உள்ள 01 நாஸிலை 1 பார் பம்பில் மாட்டினால் நிமிடத்துக்கு 230 மில்லிதான் வரும். அதுவும் விசிறியாக விரியாது, நடுவில் கோடு போல ஒழுகும். துணியில் கோடு கோடாக அழுக்கு நிற்கும். டூலில் ஒரு குறையும் இல்லை, பம்புக்கும் அதற்கும் ஜோடி சேரவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. 100 பிஎஸ்ஐ பம்ப் உள்ள பெரிய மெஷினில் 02 நாஸிலைப் போட்டால் நிமிடத்துக்கு 1.2 லிட்டர் கொட்டும். கார்ப்பெட்டுக்கு அது பரவாயில்லை. 10 சென்டிமீட்டர் அகல சோபா டூலுக்கு அது மிக அதிகம், ஃபோம் குடித்துவிடும். அதனால் எந்த டூல் வாங்கினாலும் கடையிலேயோ வீட்டிலேயோ ஒரு அளவுக் குவளைக்குள் முப்பது விநாடி ஸ்ப்ரே செய்து, வந்ததை இரண்டால் பெருக்கி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேலைக்குப் போகிற ஒவ்வொரு டூலுக்கும் நான் அப்படி ஒரு எண் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு டூல் வரவழைப்பதில் இன்னொரு தொல்லை மரை. அமெரிக்க டூல்களின் தண்ணீர் இணைப்பில் பெரும்பாலும் கால் அங்குல என்பிடி என்ற அமெரிக்க அளவு மரை இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு மரை. என்பிடியில் அங்குலத்துக்கு 18 சுற்று, பிஎஸ்பியில் 19. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் திருகினால் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் பித்தளை மரை தேய்ந்து, வாடிக்கையாளர் வீட்டு ஹாலில் சொட்டும். டேப் சுற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அதற்கென்று உள்ள அடாப்டரை வாங்கிப் போடுங்கள். வேக்கும் குழாயும் அப்படித்தான். டூலின் வாய் 38 மில்லிமீட்டராக இருக்கும், உங்கள் ஹோஸ் 32ஆக இருக்கும். வெர்னியரால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஸ்டீலா பிளாஸ்டிக்கா என்பதற்கு இப்போது வருகிறேன். துணியில் உட்காரும் அந்த மெல்லிய விளிம்பை நாங்கள் உதடு என்போம். உதடு துணியில் முழு நீளத்துக்கும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு ஓரம் நூலளவு தூக்கினாலும் காற்று அந்த வழியாக நுழைந்துவிடும், தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். நல்ல பிளாஸ்டிக் உதடு இதை ஸ்டீல் அளவுக்கே செய்யும். ஆனால் கரடான ஜூட் துணியிலும் கார் சீட்டிலும் ஓடி ஓடி அது தேய்ந்து நடுவில் குழிவாகும். ஸ்டீல் எளிதில் தேயாது, ஆனால் கீழே விழுந்தால் முனையில் பிசிறு எழும். அந்தப் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. அடுத்த நாள் ஷெனில் என்ற பஞ்சுபோன்ற நூல் துணிச் சோபாவில் நூலை இழுத்துவிடும். தினமும் காலையில் கிளம்பும் முன் ஒரு பஞ்சுத் துண்டை உதட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பார்க்கிறேன். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு. 600 நம்பர் எமரித் தாளால் நான்கு இழுப்பு இழுத்து, மறுபடி பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன். உங்கள் மெஷினுக்கு, மெஷினோடு வந்த டூலே இப்போதைக்குச் சரி. ஆனால் அதன் உதட்டை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து எதிர் வெளிச்சத்தில் பாருங்கள். கீழே வெளிச்சம் தெரிந்தால் உதட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பல கம்பெனிகள் உதிரியாகத் தருகின்றன.

ஸ்டீலை விட நான் விடாப்பிடியாகக் கேட்பது டூலின் தலை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான். உறிஞ்சப்படும் தண்ணீரின் நிறம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலை மறைத்திருந்தால், துணி சுத்தமான பிறகும் ஒரு பயத்தில் இன்னொரு முறை தண்ணீர் விடுவோம். தெளிந்த தண்ணீர் வருவதைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடும். அடுத்தது ட்ரிகர். ஒரு நாளைக்கு ஆயிரம் முறைக்கு மேல் அழுத்த வேண்டியது அது. ஒரு விரலால் அழுத்தும் ட்ரிகரை ஆறு மணி நேரம் அழுத்திப் பாருங்கள், கட்டைவிரல் மூட்டில் வலி வந்துவிடும். நான்கு விரலும் சேர்ந்து அழுத்தும் நீளமான ட்ரிகர் வேண்டும். விட்டதும் ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது. வெறும் டூலைத் தூக்கிப் பார்த்து கனம் பார்க்காதீர்கள், ஹோஸை மாட்டித் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு சுமப்பது இரண்டையும் சேர்த்துத்தான்.

திறந்த ஸ்ப்ரே, மூடிய ஸ்ப்ரே என்று இரண்டு வகை உண்டு. திறந்த வகையில் உதட்டுக்கு முன்னால் தண்ணீர் வெளியே அடிக்கும், பின்னாலேயே உதடு உறிஞ்சும். மூடிய வகையில் தண்ணீர் தலைக்குள்ளேயே மெல்லிய படலமாக வந்து, துணியைத் தொட்ட வேகத்தில் உறிஞ்சப்படும். ஹைட்ராமாஸ்டர் கம்பெனியின் டிரைமாஸ்டர் இந்த வகையில் பெயர் பெற்றது. மூடிய வகையில் துணிக்குள் இறங்கும் தண்ணீர் குறைவு, பக்கத்துச் சுவரிலும் மரக்கையிலும் தெறிக்காது. ஆனால் தண்ணீர் அடித்து அழுக்கைக் கிளப்பும் வேலையை அது செய்யாது. அதனால் கழுவும் மருந்து தெளித்து, ப்ரஷ் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு அழுக்கை முன்கூட்டியே தளர்த்திவிட வேண்டும்.

இந்த வித்தியாசத்தை நான் துபாயில் ஒரு பருத்தி சோபாவில் கற்றுக்கொண்டேன். வெளிர் சந்தன நிறம், தடித்த காட்டன். கைப்பிடிகளில் தலை எண்ணெயும் வியர்வையும் கறுத்துப்போயிருந்தன. திறந்த டூலை வைத்து, கறுப்பு போகும் வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் அடித்தேன். சாயங்காலம் பார்க்கும்போது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு கைப்பிடியிலும், உட்காரும் இடத்தின் முன் விளிம்பிலும் டீக் கறை போல ஒரு பழுப்பு. கையால் தடவினால் அந்த இடம் லேசாக மொறமொறவென்று இருந்தது. பருத்தி, லினன், சணல் போன்ற செடி இழைகளில் இது நடக்கும். உள்ளே தேங்கிய தண்ணீர் காயும்போது மேல் நோக்கி ஏறும், இழையில் சிதைந்த பொருளையும் கரைத்து எடுத்துக்கொண்டு நுனியில் விட்டுவிட்டு ஆவியாகும். காயத் தாமதமாக ஆக, பழுப்பும் கூடும். மிதமான சிட்ரிக் ஆசிட் கரைசலை லேசாகத் தெளித்து, உடனே உறிஞ்சி, ஃபேன் வைத்ததில் முக்கால்வாசி போனது. மீதி நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்தார் கோபப்படவில்லை. எனக்குத்தான் அந்தக் கைப்பிடியைப் பார்க்கப் பார்க்க மனது கேட்கவில்லை. அன்றிலிருந்து பருத்தி என்று தெரிந்தால் மூடிய டூலைத்தான் எடுக்கிறேன். மூடிய டூல் இல்லாத உங்களுக்கு வழி இருக்கிறது: ஒரு ஈர இழுப்புக்கு மூன்று உலர் இழுப்பு. ஈர இழுப்பில் முடிவதற்கு நான்கு விரல் முன்பாகவே ட்ரிகரை விட்டுவிடுங்கள். கடைசியில் வெள்ளைத் துண்டை வைத்து முழுக் கையால் அழுத்திப் பாருங்கள். துண்டில் ஈரத் திட்டு விழுந்தால் இன்னும் இரண்டு உலர் இழுப்பு.

எவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றது என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். சோபா ஆரம்பிக்கும் முன் நல்ல தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு ஊற்றினீர்கள், முடித்ததும் அதில் எவ்வளவு மீதி, அழுக்குத் தொட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்று குறியுங்கள். கையால் தெளித்த மருந்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு லிட்டர் விட்டு மூன்றரை லிட்டர் திரும்பி வந்திருந்தால், இரண்டரை லிட்டர் அந்த வீட்டு ஃபோமுக்குள் இருக்கிறது. பத்து சோபாவுக்கு இப்படி எழுதி வைத்தால் எந்த டூல் நல்லது என்று நீங்களே எனக்குச் சொல்வீர்கள்.

உறிஞ்சும் டூல் இழுத்து எடுக்கும் அழுக்கை முதலில் கிளப்பித் தருவது ப்ரஷ்தான். புதிதாக வருகிறவர்கள் இதில் கொஞ்சம் அலட்சியமாக இருக்கிறார்கள். சோபாவுக்குக் குதிரைமுடி ப்ரஷ் வாங்குங்கள். அது மென்மையானது, நெசவுக்குள் இறங்கும், இழையை அறுக்காது. பாலியெஸ்டர், நைலான் கார்ப்பெட்டுக்கு நைலான் ப்ரஷ். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், தரை தேய்க்கும் தேங்காய் நார் ப்ரஷ், டிரில்லில் மாட்டிச் சுற்றும் ப்ரஷ் இவை எதையும் சோபாத் துணியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டிரில் ப்ரஷ் வீடியோவில் பார்க்க வேகமாக இருக்கும். பாலியெஸ்டராக இருந்தால் தப்பிக்கலாம், மரக்கூழில் செய்யும் விஸ்கோஸாக இருந்தால் முடிந்தது கதை. விஸ்கோஸ் நனைந்தால் தன் பலத்தில் சுமார் பாதியை இழக்கும். பருத்தி நனைந்தால் உறுதி கூடும், பாலியெஸ்டருக்கு நனைவதும் நனையாததும் ஒன்று. வெல்வெட்டில் விஸ்கோஸும் வருகிறது, பாலியெஸ்டரும் வருகிறது, கடைக்காரர் இரண்டையும் வெல்வெட் என்றுதான் விற்கிறார். ஈர விஸ்கோஸ் வெல்வெட்டில் கெட்டியான ப்ரஷ் போட்டால் குச்சம், அதாவது நிமிர்ந்து நிற்கும் இழை, படுத்துவிடும், பிறகு எழுந்திருக்காது.

ஆகவே இழை எது என்று பார்க்க உங்கள் பெட்டியில் ஒரு சின்ன சாமணமும் லைட்டரும் ஒரு ஸ்டீல் கிண்ணமும் இருக்கட்டும். வெளிநாட்டு சோபாக்களில் டபிள்யூ என்றால் தண்ணீர் படலாம், எஸ் என்றால் சால்வென்ட் மட்டும், எக்ஸ் என்றால் வேக்கும் மட்டும் என்று சீட்டில் குறி இருக்கும். நம் ஊரில் தச்சரிடம் சொல்லிச் செய்த சோபாவில் அந்தச் சீட்டு இருக்காது. குஷன் ஜிப்பைத் திறந்து, உள் மடிப்பில் பிரிந்து நிற்கும் நூல் ஒன்றை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வெட்டி எடுங்கள். வாசலுக்கு வெளியே வந்து கிண்ணத்துக்கு மேல் சாமணத்தில் பிடித்துப் பற்றவையுங்கள். முடி கருகிய வாடையும், நசுக்கினால் பொடியாகும் கரியும் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிந்த வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவற்றில் ஒன்று. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல உறைந்தால் பாலியெஸ்டர், நைலான் வகை. கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும். பருத்தியா விஸ்கோஸா என்று இதை வைத்துப் பிரிக்கவும் முடியாது. அப்படிச் சந்தேகம் வந்தால் விஸ்கோஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அதனால் நேரம் கொஞ்சம் கூடும், துணிக்கு ஒன்றும் ஆகாது. சாயம் ஓடுகிறதா என்று மறைவான இடத்தில் மருந்தைத் தொட்டு, வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பார்ப்பதை எந்தத் துணிக்கும் தவிர்க்காதீர்கள்.

தண்ணீரைத் தொடும் முன் உலர் வேக்கும். சோபாவின் இடுக்குகளுக்கு நீண்ட மெல்லிய வாய் உள்ள நாஸில், மேற்பரப்புக்கு மென்மையான வட்ட ப்ரஷ் நாஸில். அழுக்கில் பெரும் பகுதி காய்ந்த தூசிதான். அதன் மேல் தண்ணீர் விட்டால் சேறாகிவிடும், அப்புறம் அதை உறிஞ்ச இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். நாய், பூனை வளர்க்கும் வீடு என்றால் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரே திசையில் தடவுங்கள், முடி உருண்டு வரும். நனைந்த முடி டூலின் வாயை அடைத்துவிடும்.

கார்ப்பெட்டுக்கும் அதே 10 சென்டிமீட்டர் டூல் ஓடுமா என்றால், ஓடும், ஆனால் நீங்கள் ஓய்ந்துவிடுவீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி கார்ப்பெட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரம் மேலேறி வர 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் 46 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் கை எட்டும் தூரத்துக்கு ஐந்து இழுப்பு. ஒரு ஈரம், இரண்டு உலர் என்றால் கிட்டத்தட்ட 700 இழுப்பு, அத்தனையும் முழங்காலில் நின்று. படிக்கட்டு, ஓரம், கார் தரை, கறை விழுந்த இடம் இவற்றுக்கு ஹேண்ட் டூலை வைத்துக்கொண்டு, விரித்த கார்ப்பெட்டுக்கு நின்றுகொண்டே இழுக்கும் தரை நாஸில் வாங்குங்கள். ஒற்றை மோட்டார் மெஷினுக்கு 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகாதீர்கள். வாய் அகலமானால் அதே காற்று பரவி இழுவை குறையும். உதட்டில் மாட்டும் வழுக்கு பிளாஸ்டிக் உறை கிடைத்தால் தரை நாஸிலுக்கு அவசியம் போடுங்கள், தோள்பட்டை தப்பிக்கும். சோபா டூலுக்கும் அது வேண்டுமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். நான் போடுவதில்லை.

நம் ஊரில் கார்ப்பெட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கத்திலிருந்து வருகிற கம்பளங்களில் கையால் முடிச்சுப் போட்டதும் உண்டு, துப்பாக்கி போன்ற கருவியால் குச்சம் குத்திப் பின்னால் லேட்டக்ஸ் பசை தடவியதும் உண்டு. புரட்டிப் பாருங்கள். முன்பக்க டிசைன் முடிச்சு முடிச்சாகப் பின்னாலும் தெரிந்தால் முடிச்சுக் கம்பளம். பின்னால் ஒரு துணி ஒட்டி மூடியிருந்தால் அது லேட்டக்ஸ். அதற்குள் தண்ணீர் தேங்கினால் பசை நொறுங்கும், வாடை வரும், ஒட்டுத்துணி உப்பும். அங்கே அழுத்தம் குறைந்த ஸ்ப்ரேயும், வலுவான உறிஞ்சலும், உடனடி ஃபேனும்தான். கம்பளி என்றால் காரமான ஷாம்பு கூடாது, அமில-கார அளவான பிஎச் 5.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்கட்டும். பிஎச் தாள் ஒரு கட்டு பெட்டியில் வையுங்கள். பவானி ஜமுக்காளத்தைத் தண்ணீர் மெஷினில் போடும் முன் சாயத்தை இரண்டு இடத்தில் சோதியுங்கள், சிவப்பும் கறுப்பும் பக்கத்துப் பட்டையில் இறங்கக்கூடும். பட்டுக் கம்பளத்தை நான் எடுப்பதில்லை. அதற்கென்றே இருக்கிறவர்களிடம் அனுப்பிவிடுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கறைக்கான சின்னச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கெட்டியானதைச் சுரண்ட மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், ஒற்றி எடுக்க வெள்ளை டர்க்கி டவல் இரண்டு டஜன், இரண்டு லிட்டர் அழுத்த ஸ்ப்ரேயர், குழந்தையோ நாயோ சிறுநீர் விட்ட இடம் தேட யுவி டார்ச். டவல் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கலர் டவல் ஈரத்தில் தன் சாயத்தையே சோபாவுக்குக் கொடுத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. சென்னையில் போர் தண்ணீர் எடுத்த நாட்களில் என் நாஸில்கள் மாதத்துக்கு இரண்டு முறை அடைத்தன. உப்பு படிந்து துளையின் ஒரு பக்கம் மூடும், விசிறி ஒரு புறமாகச் சாயும். ஊசியால் குத்தாதீர்கள், துளையின் வடிவம் கெட்டால் அந்த நாஸில் அவ்வளவுதான். வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் ப்ரஷால் துடைத்தால் போதும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலை குறைவு, மற்ற இடங்களில் கவனம். நாள் முடிவில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரை பம்ப் வழியாக ஓடவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இந்தச் சிறு மெஷின்களுக்கு என்ன வெப்பம் வரை தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் பம்ப் ரப்பர்கள் போய்விடும்.

நான் சொன்னதில் நாஸில் கணக்கு, மரை, இழைகளின் குணம் இவையெல்லாம் எங்கே போனாலும் மாறாதவை. ஒன்றுக்கு மூன்று இழுப்பு, ஸ்டீலுக்கு முன் தெளிந்த தலை என்பவை என் கைப்பழக்கம். இரண்டு இழுப்போடு நிறுத்தி நன்றாகவே வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் இரட்டை மோட்டார் மெஷின் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற கோவையில் துணி காய்கிற வேகம் எங்கள் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்காது. என் நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள் என்பேன். முதலில் மூடி ரப்பரும் புது உதடும். அடுத்தது குதிரைமுடி ப்ரஷ், வெள்ளை டவல், பிஎச் தாள். பிறகு தரையோடு காற்றடிக்கும் ஒரு நல்ல ஃபேன், அதை வாடிக்கையாளர் வீட்டிலேயே சாயங்காலம் வரை விட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு தரை நாஸில். மூடிய ஸ்ப்ரே ஸ்டீல் டூலை 100 பிஎஸ்ஐ பம்ப் உள்ள அடுத்த மெஷின் வாங்கும்போது அதோடு சேர்த்து வாங்குங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு நாளையே போய்வாருங்கள், காசு கேட்காமல். குஷன்களை உறையிலிருந்து கழற்றி, ஃபோமை செங்குத்தாக நிறுத்தி இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ஃபேன் வையுங்கள். சோபாவைச் சாய்த்து அடியில் உள்ள கறுப்புத் துணியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஒரு ஓரத்தில் ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்கி, உள்ளே காற்று போகும்படி திறந்துவிட்டு, காய்ந்ததும் திரும்ப அடித்துக் கொடுங்கள். ஃபோமை அழுத்தி முகர்ந்து பாருங்கள். முழுதாகக் காய்ந்த பிறகும் பூஞ்சை வாடை வந்தால் அந்த ஃபோமைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். அதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, செலவில் உங்கள் பங்கு என்ன என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.